நாக்கு, உள்நாட்டுத் தயாரிப்பு, ஒன்று

ஆம்பூர் காசியின் நாக்கு 1932-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் ஒரு சனிக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்குக் காட்பாடியில் பகிரங்க ஏலத்துக்கு வந்தது. நான் கதை அளக்கிறேன் என்று நினைப்பவர்கள் நேரே காசி வீட்டுக்குப் போய் அவன் மனைவி தேவகியைக் கேட்கலாம். ரசீது அவளுடைய சுருக்குப்பையில் இருக்கிறது. கேட்காவிட்டாலும் எடுத்துக் காட்டுவாள்.

அந்த நாக்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். காசி, அப்துல் வஹீத் சாயபுவின் தோல் ஷாப்பில் பதினெட்டு வருஷமாக வேலை பார்த்தவன். ஆவாரம்பட்டையை இடித்து ஊறவைத்த சாற்றுத் தொட்டியில் போட்டுத்தான் தோலைப் பதப்படுத்துவார்கள். சாறு நீர்த்துப்போனால் தோல் அழுகிவிடும். கடுமை ஏறிவிட்டால் தோல் விறைத்து, மடக்கினால் வெடிக்கும். காசி தொட்டியில் ஒரு விரலை விட்டு நாக்கில் வைப்பான், கண்ணை மூடுவான், "இன்னும் ரெண்டு கூடை பட்ட போடு" என்பான். அவ்வளவுதான். பதினெட்டு வருஷத்தில் அவன் பார்த்த தொட்டியில் ஒரு தோல் கெட்டதில்லை.

இந்த நாக்குக்காக அவன் விரதம் காத்தான். வெற்றிலை இல்லை, புகையிலை இல்லை, மிளகாய் அறவே இல்லை. அவன் பட்டினி கிடந்திருந்தால்கூடத் தேவகி பொறுத்திருப்பாள். மிளகாய் இல்லாத குழம்பைப் பன்னிரண்டு வருஷமாகத் தானும் சேர்ந்து தின்பதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. "ஊரு பூரா மொளகா அரைக்குது, எங்க ஊட்டு அம்மி மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சி" என்று அண்டை அயலில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்படி இருக்கையில் சாயபுவின் தோலை வாங்குகிற லண்டன் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இன்னும் இரண்டு வருஷத்துக்குப் பிறகு டிப்ளமா பெற்ற மேஸ்திரியின் மேற்பார்வையில் பதனிட்ட தோலைத்தான் வாங்குவார்களாம். பழைய மேஸ்திரிக்குக் கண் மங்கிக்கொண்டிருந்தது. அடுத்த மேஸ்திரி காசிதான் என்று ஷாப்பில் எல்லோருக்கும் தெரியும். சாயபு காசியைக் கூப்பிட்டார்.

"இதோ பாரு காசி, எனக்கு உன் நாக்கு போதும். லண்டன்காரனுக்குக் காயிதம் வேணுமாம். காட்பாடில ரெண்டு வருஷப் படிப்பு ஆரம்பிச்சிருக்காங்க. போய்ப் படிச்சிட்டு வா. முப்பத்திரண்டாம் வருஷம் மே மாசம் முதல் திங்கக்கெழம காலைல நீ காயிதத்தோட வந்து நின்னா மேஸ்திரி வேலை உனக்கு. வரலன்னா மெட்ராஸ்லேர்ந்து ஒருத்தன் வர்றான். அவன்கிட்ட காயிதம் இப்பவே இருக்கு."

தேவகி எழுதப் படிக்கத் தெரியாதவள். ஆனால் எருமைக் கணக்கில் அவளை அடிக்க ஆள் கிடையாது. காசியை உட்காரவைத்துக் கேட்டாள்.

"இப்ப மாசம் பன்னண்டு ரூபா வாங்குற. ரெண்டு வருஷம் அது போச்சா? அது ஒண்ணே ஏழு எருமைக்கு மேல. அப்பறம் படிப்புக்குச் சம்பளம் கட்டணும், கோட்டு வாங்கணும், பூட்சு வாங்கணும், அது ரெண்டு எரும. ஆக மொத்தம் ஒம்பது எரும. நம்மகிட்ட இருக்கறது ஒரு எரும."

"மேஸ்திரிக்கு இருபத்தஞ்சு ரூபாடி."

"அதையும் பாத்துட்டேன். பதிமூணு ரூபா ஜாஸ்தி வரும். அந்த ஒம்பது எருமய மீட்கவே ரெண்டரை வருஷம் ஆவும். படிப்பு ரெண்டு, இது ரெண்டரை. நாலரை வருஷம் கழிச்சி, இன்னிக்கி எந்த எடத்துல நிக்கிறமோ அதே எடத்துல வந்து நிப்போம்."

காசி, "மெட்ராஸ்காரன் கீழ நிக்க மாட்டேன்" என்றான். தேவகிக்கு அது புரிந்தது. மறுநாளே எருமையை விற்றாள். சாயபுவின் ஷாப்பில் பட்டை இடிக்கிற வேலைக்குத் தானே போனாள்.

காட்பாடியில் அந்த நிறுவனத்துக்கு வடாற்காடு தோல் பதனிடு தொழில்நுட்ப வித்தியாசாலை என்று பெயர். பலகையில் பெயர் கொள்ளாமல் கடைசி மூன்று எழுத்துகளைப் பக்கத்துச் சுவரில் எழுதியிருந்தார்கள். பத்து மாணவர்கள். ஒன்பது பேர் குமாஸ்தாக்களின் பிள்ளைகள். மூக்கில் கைக்குட்டை வைத்துக்கொண்டே பாடம் கேட்பார்கள். பத்தில் ஒருவராவது தோலைக் கண்ணால் பார்த்தவராக இருந்தால்தான் மானியம் என்று சர்க்கார் சொல்லிவிட்டதால் காசிக்கு இடம் கிடைத்தது. பார்வையிட வருகிற அதிகாரிகளுக்கு, "இவர்தான் அனுபவம்" என்று அவனைக் காட்டுவார்கள். காசி எழுந்து நின்று கும்பிட்டுவிட்டு உட்காருவான்.

பிரின்சிபால் ராவ்சாகிப் நரசிங்க ராவ் சீமையில் எட்டு மாதம் தோல் படித்தவர். முதல் நாள் அவர் செய்த பிரசங்கம் இது:

"மாணவர்களே, முதலாம் ஆண்டில் ஒருவரும் தோலைத் தொடக் கூடாது. தொட்டால் அதைப் பற்றி உங்களுக்கு ஓர் அபிப்பிராயம் ஏற்பட்டுவிடும். அபிப்பிராயம் படிப்புக்குச் சத்துரு. நான் இந்தத் துறையில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். இன்றுவரை எந்தத் தோலையும் தொட்டதில்லை. ஆகையால்தான் என்னால் நடுநிலையோடு கற்பிக்க முடிகிறது."

முதல் வருஷம் முழுவதும் கரும்பலகையில் மாடு வரைந்தார்கள். காசிக்கு மாடு சரியாக வரவில்லை. அவன் வரைந்த மாட்டுக்கு வயிற்றுப் பக்கத்துத் தோல் எவ்வளவு தேறும் என்று அவனால் சொல்ல முடியும், ஆனால் அதற்கு மார்க் கிடையாது. கொம்புக்குத்தான் மார்க்.

ஒரு நாள் பிரின்சிபால் தம் பூட்சில் ஒன்றைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "இது சீமைத் தோல். இந்த மென்மை நம் நாட்டில் இன்னும் நூறு வருஷத்துக்கு வராது. ஒவ்வொருவராக வந்து பார்க்கலாம், தொட வேண்டாம்" என்றார். காசி முறை வந்தபோது உள்ளே குனிந்து பார்த்தான். உட்புறம் மங்கலாக ஒரு பிறை முத்திரை. வஹீத் சாயபுவின் முத்திரை. அவன் கையாலேயே ஆயிரம் தோலில் குத்தியது.

"ஐயா, இது எங்க ஷாப்புத் தோலுங்க. ஆம்பூர்லேர்ந்து போனது."

பிரின்சிபால் கோபித்துக்கொள்ளவில்லை. "போனபோது அது வெறும் தோல். சீமைக்குப் போய்த் திரும்பியதால்தான் அதற்கு இந்த மதிப்பு. நானும் அப்படித்தான்" என்று சொல்லிப் பூட்சை மாட்டிக்கொண்டார்.

இரண்டாம் வருஷம் தோலைத் தொட அனுமதி உண்டு, மூன்று பிரதி விண்ணப்பத்தின் பேரில். தோல் வந்த அன்று விண்ணப்பம் போட்டால் கையெழுத்தாகி வர ஒன்பது நாள் ஆகும். பச்சைத் தோல் ஒன்பது நாள் காத்திருக்குமா? சித்தூர் ரஸ்தாவரை நாறியது. பிரின்சிபால் வாசல்வரை வந்து நின்று, "மாணவர்கள் ஆழமான கட்டத்துக்குச் சென்றுவிட்டதாகத் தெரிகிறது" என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போனார்.

மூன்றாவது தோலும் நாறியபோது காசி பொறுக்காமல் தொட்டியில் விரலை விட்டு நாக்கில் வைத்தான். அந்த நேரம் பார்த்துப் பிரின்சிபால் வந்துவிட்டார்.

"என்ன செய்கிறீர்?"

"சாறு செத்துப்போச்சிங்க. பட்ட போடணும்."

"சாற்றின் பலத்தை அளக்க இந்த வித்தியாசாலையில் பார்க்கோமீட்டர் இருக்கிறது. சீமையிலிருந்து தருவித்த கண்ணாடிக் கருவி. சாற்றில் மிதக்க விட்டால் டிகிரி காட்டும். நாக்கு ஒரு கருவியே அன்று. அது ஸ்டோர்ஸ் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாத ஒன்றை வைத்துக்கொண்டு நீர் எப்படி ஒன்றை அறிய முடியும்?" காசிக்கு எட்டணா அபராதம் விழுந்தது.

அந்தப் பார்க்கோமீட்டரை ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. அது ஸ்டோர் கீப்பர் சர்தார் பாஷாவின் பொறுப்பில் மூன்று பூட்டுக்குள் இருந்தது. வாரம் நாலு தடவை டிகிரி பார்த்து ரிஜிஸ்தரில் எழுத வேண்டியதும் அவர்தான். அபராதம் விழுந்த மறுநாள் அவர் காசியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தோஸ்த், யார்கிட்டயும் சொல்லாத. அந்தக் கண்ணாடி கப்பல்லியே உடைஞ்சி போய்ட்டுது. நான் பெட்டியத் தொறக்காம நல்லா இருக்குதுன்னு கையெழுத்துப் போட்டுட்டேன். இப்ப சொன்னா என் சம்பளத்துல புடிப்பாங்க, வேலையும் பூடும். இத்தினி நாளு வாய்க்கு வந்த நம்பரை எழுதிட்டிருந்தேன். ரொம்ப பேஜாரா இருக்குது."

காசிக்கு மனிதர்மேல் இரக்கம். புத்தகத்தில் இத்தனை காலன் தண்ணீருக்கு இத்தனை ராத்தல் பட்டை என்றால் இத்தனை டிகிரி என்று ஒரு அட்டவணை இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்து பத்து டிகிரியிலிருந்து நாற்பதுவரை வாளி வாளியாகக் கலந்தார்கள். காசி ஒவ்வொன்றாக நாக்கில் வைத்துப் பார்த்து மனத்தில் வாங்கிக்கொண்டான். அன்றிலிருந்து காசி ருசி பார்ப்பான், சர்தார் பாஷா எழுதுவார். விண்ணப்பத்துக்குக் காத்திராமல் தோல் வந்த அன்றே சொல்லாமல் கொள்ளாமல் தொட்டியில் இறக்கிப் பட்டையும் போட்டுவிடுவார்கள். தோல்கள் நாறுவது நின்றது. "கருவியின் மகிமையைப் பாருங்கள்" என்றார் பிரின்சிபால்.

கடைசிப் பரீட்சைக்கு மதராஸிலிருந்து ஒரு துரை வந்தார். இதில் தேறினால் டிப்ளமா. தவறினால் ஒன்பது எருமையும் போய், மேஸ்திரி வேலையும் போய், மெட்ராஸ்காரனும் வந்துவிடுவான்.

துரை ரிஜிஸ்தரைப் புரட்டிவிட்டு, "மிக அழகான கணக்கு. அந்தக் கருவியைக் கொண்டுவாருங்கள்" என்றார். சர்தார் பாஷா மூன்று பூட்டையும் திறந்தார். வெல்வெட்டுத் துணியை விரித்தார். பார்க்கோமீட்டர் இரண்டு துண்டாகக் கிடந்தது. வாயில் ஈ போவது தெரியாமல் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அப்படியானால் இதையெல்லாம் எதனால் அளந்தீர்கள்?" என்று துரை கேட்டார்.

சர்தார் பாஷாவின் முகத்தைப் பார்க்கக் காசிக்குச் சகிக்கவில்லை. "என் நாக்கால தொரைங்களே" என்றான்.

துரையின் பையில் அவருடைய சொந்தப் பார்க்கோமீட்டர் இருந்தது. மூன்று தொட்டிகளுக்குப் போனார்கள். காசி இருபத்திரண்டு என்றான், கண்ணாடியும் இருபத்திரண்டு என்றது. பதினேழு என்றான், பதினேழு. முப்பத்தொன்று என்றான், முப்பத்தொன்று. துரை தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"எண்களில் பிழை இல்லை. ஆனால் பட்டியலில் உள்ள கருவியால் எடுத்த அளவுதான் செல்லும். இவை செல்லாது என்றால் பத்துப் பேருக்கும் டிப்ளமா இல்லை. வித்தியாசாலைக்கு மானியமும் இல்லை."

மானியம் என்ற சொல் காதில் விழுந்ததும் பிரின்சிபால் எழுந்து நின்றார். "கனவானே, நாக்கின் விஞ்ஞானப் பெருமையை நான் என்றுமே வலியுறுத்தி வந்திருக்கிறேன். பட்டியலில் இல்லாதது ஒரு எழுத்துக் குறைதான். குறையை எழுத்தாலேயே நிவர்த்தி செய்வோம்" என்றார். அங்கேயே ஸ்டோர்ஸ் ரிஜிஸ்தரை வரவழைத்து எழுதினார்: வரிசை எண் 118. பார்க்கோமீட்டர், நாக்கு, உள்நாட்டுத் தயாரிப்பு, ஒன்று. நிலை நன்று. போன வருஷத்துத் தேதி போட்டார். துரை சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

பத்துப் பேரும் தேறினார்கள். ஒன்பது பேருக்கு முதல் வகுப்பு. காசிக்கு மூன்றாம் வகுப்பு. கேட்டதற்கு, "அளந்தது கருவி. மாணவர் அருகில் இருந்தார், அவ்வளவே" என்று பதில் வந்தது. காசி அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. காகிதம் காகிதம்தானே.

ஏப்ரல் கடைசி வாரம் தேவகி அவனைக் கூட்டிப்போக வந்தாள். கையில் இருவருக்கும் திரும்பிப்போக ரயில் சார்ஜு ஒரு ரூபாய் மூன்றணா. காசி டிரங்குப் பெட்டியோடு வாசலுக்கு வந்தான். காவல்காரன் குறுக்கே நின்றான்.

"நீ போலாம். ஸ்டோர்ஸ் சாமானுக்கு கேட் பாஸ் இல்ல."

"இன்னா சாமான்?" என்றாள் தேவகி.

"நூத்திப் பதினெட்டு. அவரு வாயில இருக்குது."

பிரின்சிபாலிடம் ஓடினார்கள். அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். "உம்மைத் தடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் ஆடிட்டர் வந்து நூற்றுப் பதினெட்டு எங்கே என்றால் நான் எதைக் காட்டுவேன்? நீர் போகலாம், நாக்கு இங்கே இருக்கட்டும். எப்படி என்பதை நீர்தான் யோசிக்க வேண்டும். நான் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது" என்றார்.

சாயபு சொன்ன திங்கட்கிழமைக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. தேவகி வாசல் படியில் உட்கார்ந்துவிட்டாள். "எருமய வித்தேன், நெஞ்சு வலிக்க ரெண்டு வருஷம் பட்ட இடிச்சேன், கடைசில உன் நாக்க இவனுங்களுக்கு எழுதிக் குடுத்துட்டு வந்து நிக்கிற" என்று அழுதாள். அவள் அழுதது காசிக்குத் தாங்கவில்லை.

மூன்றாம் நாள் சர்தார் பாஷா வந்து பக்கத்தில் நின்றார். இந்த மனிதனால் பிழைத்தவர் அவர். ரூல் புத்தகத்தை இரண்டு ராத்திரி புரட்டியிருக்கிறார். "தங்கச்சி, ஒரே வழிதான். பழுதான சாமான ஏலத்துல விட்டுடலாம். சனிக்கெழம ஏலம். வெள்ளிக்கெழம கருவிகளுக்கெல்லாம் சோதனை. நூத்திப் பதினெட்டு சோதனைல தப்பா காட்டணும், அம்மாந்தான்."

"தப்பா சொல்லிடு" என்றாள் தேவகி.

காசி தலையை ஆட்டினான். "வராதுடி. பதினெட்டு வருஷமா வாய் தவறிக்கூட தப்பு சொன்னதில்ல. சாற நாக்குல வெச்சா நம்பர் தானா வந்துடுது."

தேவகி அவனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சர்தார் பாஷாவைப் பார்த்து, "பாய், உங்க ஊட்ல அம்மி இருக்குதா?" என்றாள்.

வெள்ளிக்கிழமை சோதனைக்கு அரை மணி முன்னால் காசிக்குக் கருவாட்டுக் குழம்பு பரிமாறினாள். இருபத்தைந்து மிளகாய், கணக்காக அரைத்தது. பன்னிரண்டு வருஷத்து ஆசையை ஒரே சட்டியில் காட்டியிருந்தாள். காசிக்குக் காதில் புகை வந்தது. கண், மூக்கு எல்லாம் ஒழுகியது. ஆனால் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான் என்பதையும் சொல்ல வேண்டும்.

பிரின்சிபால் முன்னிலையில் தொட்டிச் சாற்றை நாக்கில் வைத்தார்கள். காசி ரொம்ப நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். "ஐயா, ஒண்ணுமே தெரியலீங்க" என்றான். பொய் இல்லை. சொல்லிவிட்டு நாக்கை விரலால் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டான். பிரின்சிபால், "கருவி ஓட்டம் நின்றுவிட்டது. நிறமும் அதிகமாகச் சிவந்திருக்கிறது. ஏலத்துக்குத் தள்ளுக" என்று எழுதினார்.

சனிக்கிழமை ஏலத்தில் உடைந்த நாற்காலி ஆறு, தகர வாளி நாலு, அடுத்தது நாக்கு. அங்கே வந்த சாமான் எல்லாவற்றையும் எடுக்கிறவர் குடியாத்தம் பழஞ்சாமான் வியாபாரி நயீம் அகமது. "சீமைக் கருவியா? இன்னா பித்தளையா, செம்பா?" என்றார். காசியை முன்னால் நிறுத்தி நீட்டச் சொன்னார்கள். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். "தேஞ்சிருக்குது. பரவால்ல. நாலணா."

"ஆறணா" என்றாள் தேவகி.

வியாபாரிக்கு ரோஷம். ஒரு பொம்பளை விடாமல் கேட்கிற சாமானில் ஏதோ விஷயம் இருக்கிறது என்று நினைத்துவிட்டார். எட்டணா, பத்தணா என்று ஏறி, ஒரு ரூபாய் இரண்டணாவில் வந்து நின்றார். தேவகி சுருக்குப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். "ஒரு ரூபா மூணணா. ரயிலு சார்ஜு. இதுக்கு மேல என்கிட்ட இல்ல."

நயீம் அகமது வாயைத் திறந்தார். திறந்தவர், வியாபாரி அல்லவா, ஒரு கேள்வி கேட்டார். "கழட்டி எடுத்துட்டுப் போற கூலி யாருது?"

"ஏலம் எடுத்தவர் தம் சொந்தச் செலவில் அப்புறப்படுத்திக்கொள்ள வேண்டும்" என்று பிரின்சிபால் ரூலைப் படித்தார்.

"அப்ப கட்டாது" என்று அவர் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ரசீதில் தேவகி கைநாட்டு வைத்தாள். ரயிலுக்குக் காசு இல்லை. காட்பாடியிலிருந்து ஆம்பூர்வரை பாலாற்றங்கரையோடு நடந்தார்கள். பூட்சு காலைக் கடித்ததால் காசி அதைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டான். வழியெல்லாம் வெயிலைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டே வந்தான். தேவகி முந்தானையில் முடிந்திருந்த ரசீதைத் தொட்டுக் காட்டினாள். "சும்மா வாய்யா. என் சாமான் தேஞ்சிடப் போவுது" என்றாள். காசி வாயை மூடிக்கொண்டான்.

முதல் திங்கட்கிழமை காலை சங்கு ஊதும்போது காசி காகிதத்தோடு சாயபு முன்னால் நின்றான். மெட்ராஸ்காரனும் காகிதத்தோடு வந்து காத்திருந்தான். சாயபு இரண்டு காகிதத்தையும் பார்க்கவில்லை. "மூணாந் தொட்டி" என்றார். மெட்ராஸ்காரன் பெட்டியைத் திறந்து, துணியைப் பிரித்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். காசி அதற்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்து, "பட்ட மூணு கூடை கம்மி" என்றான். மூன்று நாளில் மிளகாய் இறங்கியிருந்தது.

ஒரு மாதம் கழித்து லண்டன் கம்பெனி ஏஜெண்டு வந்தார். டிப்ளமாவைப் பார்த்துத் திருப்தி. சாற்றை எந்தக் கருவியால் அளக்கிறீர்கள் என்று கேட்டார். காசி பட்டை இடிக்கிற கொட்டகைப் பக்கம் திரும்பி, "தேவகி, அந்த ரசீதக் கொஞ்சம் எடுத்துட்டு வா" என்றான். சர்க்கார் வித்தியாசாலை முத்திரை, வரிசை எண், துரை கையெழுத்தைக் குறிப்பிட்ட வாசகம், எல்லாம் சரியாக இருந்தன. கருவி ஷாப்புடையதல்ல, தனியார் சொத்து என்பதால் சொந்தக்காரருக்கு ஷாப்பிலிருந்து மாதம் ஐந்து ரூபாய் வாடகை கொடுக்கும்படி ஏஜெண்டே எழுதிவிட்டுப் போனார். இரண்டரை வருஷம் என்று அவள் போட்ட கணக்கு இரண்டு வருஷத்துக்குள்ளேயே தீர்ந்தது. கொல்லையில் இப்போது எருமை இரண்டு.

ஷாப்புக்கு லீவு வெள்ளிக்கிழமை, அன்று நாக்குக்கு வேலை இல்லை. வியாழக்கிழமை சாயங்காலம் சங்கு ஊதியதும் அவள் வீட்டில் மிளகாய் அரைக்கத் தொடங்கிவிடுகிறாள். போன வாரம் நான் போயிருந்தபோது காசி இலையில் கைவைத்தபடி, "காரம் கொஞ்சம் ஜாஸ்தி" என்றான்.

"என் சாமானு. நான் எப்பிடி வேணா வெச்சிப்பேன்" என்று சொல்லி இன்னொரு கரண்டி ஊற்றினாள்.